மூலை மனையில் ஆறு வீடு: சங்க உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடியிருப்போர் நலச்சங்க உறுப்பினர்களுக்கு,

நம் மூன்றாவது குறுக்குத்தெருவின் மூலை மனையில் ஆறு வீடுகள் கட்ட அதன் உரிமையாளர் திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அதை மறுக்கச் சொல்லி மாநகராட்சிக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் (சிஎம்டிஏ) அனுப்ப, சங்கத்தின் பெயரில் ஒரு மனு தயாராகி வீடுவீடாகக் கையெழுத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. மனுவில் இரண்டு கோரிக்கைகள் உள்ளன. இந்த வரைபடத்தை நிராகரிக்க வேண்டும் என்பது முதலாவது. தயாராகிவரும் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் நம் மனைப்பிரிவைத் தனிவீடுகளுக்கு மட்டுமான பகுதியாகக் குறிக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது பக்கத்து வீட்டாருக்குச் செய்யும் அநியாயம். இரண்டாவது ஊருக்கே செய்வது. பொதுக்குழுவில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று மணி அடித்துவிடுவார்கள் என்பதால் எழுத்தில் விரிவாகவே வைக்கிறேன்.

முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடுவோம். கையெழுத்திட்ட பலர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 'அடுக்குமாடி வளாகம்' என்று மனு சொல்கிற ஒன்று அதில் இல்லை. மனை ஒரு கிரவுண்டு. நாற்பதுக்கு அறுபது, 2,400 சதுர அடி. தரையில் ஸ்டில்ட் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டுமுள்ள தளம்), மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 650 சதுர அடி. படிக்கட்டு, நடை எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 4,400க்குள் நிற்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரடுக்கு அல்லாத கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐயை (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை) 1.5இலிருந்து 2 ஆக்கின. அதன்படி இந்த மனையில் 4,800 சதுர அடி வரை கட்டலாம். ஸ்டில்ட் வாகன நிறுத்தம் இந்தக் கணக்கில் சேராது. காசு கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ எதுவும் அவர்கள் கேட்கவில்லை. நிலப்பயன்பாட்டு மாற்றமும் தேவையில்லை. குடியிருப்புப் பகுதியில் குடியிருக்கத்தான் வீடு கட்டுகிறார்கள். சுற்றிலும் ஐந்தடிக்குக் குறையாமல் இடம் விட்டிருக்கிறார்கள். அக்கா, தம்பி இருவருக்கும் பொதுவான பூர்வீக மனை அது. இருவரும் ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு மீதி நான்கையும் வாடகைக்கு விடுவார்கள். பில்டருக்குப் பங்கு கொடுக்கும் ஜாயின்ட் வென்ச்சரும் இல்லை.

இதில் விதிமீறல் என்ன என்று மனுவில் தேடினேன். 'அனுமதி கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள்' என்ற வரிதான் அதற்கு மிக அருகில் வருகிறது. விதிக்கு உட்பட்ட ஒன்றை மறுக்கும்படி அதிகாரியிடம் கேட்கிறோம். எந்த விதியின் கீழ் மறுப்பது என்று மட்டும் சொல்லாமல் விடுகிறோம். சென்னையின் கட்டட வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள வேடிக்கை புரியும். இந்த ஊரின் நோய், அனுமதிக்கு மேல் கட்டுவது. இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி நான்கு எழுப்புவது, ஸ்டில்ட்டில் சுவர் வைத்துக் கடையாக்குவது, பக்க இடைவெளியில் கழிவறை கட்டுவது. இவை பெருகிப் பெருகி, 1999 பிப்ரவரிக்கு முன் கட்டிய மீறல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் மீறல் நிற்கவில்லை. 2011 அக்டோபரில் தி.நகர் கடைகளுக்குச் சீல் வைக்கும் அளவுக்குப் போனது. அந்த ஊரில் ஒருவர் வரைபடம் போட்டு, அளவு காட்டி, வரிசையில் நின்று அனுமதி கேட்கிறார். அவரைத்தான் மனு போட்டு மறிக்கிறோம். ராத்திரியோடு ராத்திரியாகத் தளம் போட்டவர்கள் மீது நம் சங்கம் இதுவரை இவ்வளவு வேகமாக மனு எழுதியதில்லை. அடுத்து கட்டப்போகிறவர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆறு குடும்பங்கள் இந்த மூலை மனைக்கு வரவில்லையென்றால் வேறெங்கோ போகத்தான் போகின்றன. எங்கே போகின்றன என்பது ஊகமில்லை. 2001க்கும் 2011க்கும் நடுவே அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 7 சதவீதம்தான் கூடியது. அதே பத்தாண்டில் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் கூடின. நகரத்தின் நடுவே இடமில்லை என்று சொல்லப்பட்டவர்கள் விளிம்புக்குப் போனார்கள். விளிம்பில் மிச்சமிருந்தது ஏரி, தாங்கல், சதுப்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்தது. இன்று அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும் என்கிறார்கள். 2022இல் அதற்கு ராம்சார் தகுதி (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற தகுதி) கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு ஓடியது. 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பெரும்பாக்கமும் மிதந்தன. 'ஏரியில் வீடு கட்டினால் தண்ணீர் வராமல் என்ன செய்யும்' என்று அப்போது சொன்னவர்களில் நம் தெருக்காரர்களும் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் கடற்கரைப் பக்கம் மேடான மணல் நிலத்தில், சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் பேருந்தும் ரயிலும் உள்ள இடத்தில் ஆறு வீடு வேண்டாம் என்று இன்று கையெழுத்திட்டுவிட்டு, நாளை அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு வாய் இருக்குமா?

ரயில் என்றதும் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதில் மாதவரம்–சிப்காட் வழித்தடம் அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகப் போகிறது. இவற்றில் ஒரு நிலையத்துக்கு மூலை மனையிலிருந்து நடந்தே போய்விடலாம். பறக்கும் ரயில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பணம் நம் வரி மட்டுமில்லை. தாம்பரத்தில் வாடகைக்கு இருப்பவர் கட்டும் வரியும் அதில் உண்டு. நிலையத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டரில் தனிவீடு தவிர வேறெதுவும் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால், இத்தனை கோடி செலவில் தோண்டிய சுரங்கத்தில் ஏறப்போவது யார்? ரயில் நிலையத்தைச் சொந்த வீட்டு வாசல் மாதிரி வைத்துக்கொள்ள ஒரு சில நூறு வீட்டுக்காரர்களுக்கு உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆட்சேபணைகளுக்கு வருவோம். மனு முதலில் சொல்வது கார். தெருவில் நெரிசல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தெருவில் நிற்கும் கார்கள் யாருடையவை? ஸ்டில்ட் உள்ள கட்டடங்களின் கார்கள் பெரும்பாலும் உள்ளே நிற்கின்றன. வெளியே நிற்பவை, கார் ஷெட்டை அறையாக மாற்றிய, முன்வாசலில் மாடிப்படி கட்டிய, ஒரு காருக்கு இடம் வைத்து மூன்று கார் வாங்கிய பழைய தனிவீடுகளுடையவை. காலையில் தெருவில் நடந்து பார்த்தால் நடைபாதை எங்கே போயிற்று என்பதும் தெரியும். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் சிமென்ட் சாய்தளம் சாலைக்குள் மூன்றடி நீண்டிருக்கிறது. சாய்தளத்துக்கு இருபுறமும் செம்பருத்தித் தொட்டி. தொட்டிக்கு அப்பால், அடுத்த வீட்டுக்காரர் நிறுத்திவிடக் கூடாதென்று, காங்கிரீட் நிரப்பிய பெயின்ட் டப்பா. பொதுச்சாலையை இப்படிப் பட்டா போட்டுக்கொண்டவர்கள்தாம் வரப்போகிற கார்களைப் பற்றிப் பயப்படுகிறோம். மூலை மனையின் ஸ்டில்ட்டில் நான்கு காரும் பன்னிரண்டு இருசக்கர வாகனமும் நிற்கும் என்று வரைபடம் காட்டுகிறது. 650 சதுர அடி வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர்களில் எல்லோரிடமும் கார் இருக்காது. அப்படியும் ஒன்றிரண்டு வெளியே நிற்கலாம். அதற்காக ஆறு குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பினால் அவர்கள் காரோ பைக்கோ எடுத்துக்கொண்டு வேலைக்கு நம் பக்கம்தான் வருவார்கள்; மத்திய கைலாஷ் சிக்னலில் அவர்களைத் தினமும் சந்திக்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் மனுவுக்குப் பாதி நியாயம் இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடலுக்குப் பக்கத்து மணல் நிலம் நம்முடையது. போர்வெல்லை ஆழமாக இறக்கி அளவுக்கு மேல் இழுத்தால் உப்பு ஏறும். ஏறியது எளிதில் இறங்காது. ஆறு குடும்பம், குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் இருபத்துநான்கு பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலை வைத்தால் 3,240 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் லாரி ஒன்று மூன்று நாள்கூட வராது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஒரு கிரவுண்டில் விழும் அத்தனை மழையையும் சொட்டு விடாமல் பிடித்தால் மூன்று லட்சம் லிட்டர் சொச்சம் கிடைக்கும். இந்த வீடுகளின் ஆண்டுத் தேவை பதினொன்றரை லட்சத்துக்கு மேல். அதாவது மழைநீர் சேகரிப்பால் தேவையில் கால்பங்கைத்தான் ஈடுசெய்ய முடியும். அதற்கு மேல் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீதி முக்கால் பங்கு குழாயில் வர வேண்டும். அந்தக் குழாய்த் தண்ணீர் செம்பரம்பாக்கம், புழல், வீராணம், நெம்மேலி கடல்நீர் ஆலை என்று பல இடங்களிலிருந்து வந்து நகரம் முழுக்கப் பங்கிடப்படுகிறது. இருபத்துநான்கு பேர் இங்கே இருந்தாலும் குடிப்பார்கள், வேறெங்கே இருந்தாலும் குடிப்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) குழாய் எட்டாத கட்டடத்தில் இருந்தால், சுற்று வட்டாரக் கிராமத்து வயல் கிணற்றிலிருந்து லாரியில் வரும் தண்ணீரைக் குடிப்பார்கள். 2019 ஜூனில் ஏரிகள் வற்றியபோது நகரத்தைக் காப்பாற்றியதில் அந்தக் கிணறுகளுக்கும் பங்குண்டு. ஆக, ஆள் வருவதைத் தடுப்பதால் ஒரு குடம் தண்ணீரும் மிஞ்சாது. போர்வெல்லைக் கட்டுப்படுத்தினால் மிஞ்சும். புதிதாக ஆழ்துளை போடக் கூடாது, இருக்கும் கிணற்றை மூடாமல் மழைநீரை அதற்குத் திருப்ப வேண்டும், இரண்டு உறைகிணறு இறக்க வேண்டும் என்று கேட்போம். கேட்கும்போதே, 2003இல் கட்டாயம் என்று கட்டிவிட்டுப் பிறகு ஒருமுறைகூடத் தூர்வாராத நம் வீட்டு மழைநீர்த் தொட்டிகளையும் திறந்து பார்ப்போம்.

வெளிச்சமும் காற்றும் அடுத்த ஆட்சேபணை. மனுவிலேயே மிக நியாயமானது இதுதான். ஆனால் நாலு பக்க மனுவில் அதற்கு இரண்டு வரிதான் கொடுத்திருக்கிறார்கள். மூலை மனைக்கு வடக்கே உள்ள வீட்டின் கீழ்த்தளம் மார்கழி, தை மாதங்களில் நிழலில் போகும். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அந்த இரண்டு மாதமும் அவர்கள் மாடியில் உள்ள சோலார் தகடுகளும் பாதிப்படையலாம். மேற்கே உள்ள வீட்டுக்கு மாலைக் கடற்காற்று குறையும். இந்த இரண்டு வீட்டாரும் கேட்க உரிமையுள்ளவர்கள்; நாலு தெரு தள்ளி இருப்பவர்களைவிட அவர்களுக்கே உரிமை அதிகம். வரைபடத்தில் படிக்கட்டு தெற்கே இருக்கிறது. அதை வடக்கே மாற்றி, மாடிகளில் அந்தப் பகுதியைத் திறந்த படிக்கட்டாக விட்டால், வடக்கு வீட்டுக்கு இன்னும் ஐந்தாறு அடி வெளிச்சம் கிடைக்கும். ஏசி வெளிப்பெட்டிகளை அவர்கள் ஜன்னல் பக்கம் வைக்காமல் தெருப்பக்கம் வைக்கலாம். இப்படிப்பட்ட பேரத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஹரியானா அரசு ஸ்டில்ட்டும் நான்கு மாடியும் கொண்ட வீடுகளுக்கான அனுமதியை 2023 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. குருகிராம், பஞ்ச்குலா குடியிருப்போர் சங்கங்கள் நம்மைப் போலவே குரல் எழுப்பியிருந்தன. 2024 ஜூலையில் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. பக்கத்து மனைக்காரர் சம்மதித்தால் கட்டலாம். சம்மதிக்கவில்லையென்றால் அந்தப் பக்கம் எல்லாத் தளத்திலும் 1.8 மீட்டர் விட்டுக் கட்டலாம். இதில் எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. சம்மதம் தர மறுத்த பக்கத்து மனைக்காரர், பின்னாளில் தானும் நான்கு மாடி கட்ட முடியாது. நம் மனுவில் கையெழுத்திடுவோருக்கும் இதே நிபந்தனை உண்டென்றால் எத்தனை கையெழுத்து மிஞ்சும் என்று அறிய ஆசை.

சண்டிகர் தீர்ப்பை மனு மேற்கோள் காட்டுகிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சண்டிகரின் முதற்கட்டப் பகுதியில், அதாவது 1 முதல் 30 வரையிலான செக்டர்களில், ஒரே குடும்பத்துக்கான வீடுகளை அடுக்குமாடிகளாகப் பிரிப்பதைத் தடுத்தது உண்மை. ஆனால் அந்த நகரம் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வரைந்தது. அந்தச் செக்டர்களுக்கு மரபுத் தகுதி உண்டு. அங்கே அடுக்குமாடி விதிகளை நிர்வாகமே முன்பு ரத்து செய்திருந்தது. விதி தடுத்ததைப் பின்வாசல் வழியாகச் செய்கிறார்கள் என்பதுதான் அங்கே வழக்கு. இங்கே விதி அனுமதிக்கிறது; விண்ணப்பம் முன்வாசல் வழியாகவே வந்திருக்கிறது. நம் மனைப்பிரிவோ, வீட்டுவசதி வாரியம் நிலம் எடுத்து, இடம் தேடி அலைந்த நடுத்தரக் குடும்பங்களுக்காகப் பிரித்துக் கொடுத்தது. முதலில் ஓட்டுவீடும் ஒற்றைத்தளமும். பிறகு மகனுக்குக் கல்யாணம் என்று ஒரு மாடி, வாடகை வரட்டும் என்று இன்னொரு மாடி. இன்று தெருவுக்கு ஏழெட்டு ஸ்டில்ட் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றில் குடியிருப்பவர்களும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். காப்பாற்ற வேண்டிய பழைய தன்மை என்று மனு சொல்வது எந்த ஆண்டுக்கு உரியது என்று தெரியவில்லை. எல்லோரும் ஏறிய பிறகு கதவைச் சாத்தலாம் என்ற ஆண்டாக இருக்கலாம்.

'வாடகைக்காரர்கள் அதிகமானால் பகுதியின் தரம் குறையும்' என்ற வரிக்கு வருகிறேன். இதை எழுதியவர் யோசித்து எழுதவில்லை என்று நம்ப விரும்புகிறேன். நம் பேத்திகள் பெங்களூரில் வாடகைக்கு இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் நியூஜெர்சியில் வாடகைக்கு இருந்துதான் வீடு வாங்கினார்கள். அவர்கள் போன தெருக்களின் தரம் குறைந்ததாக நாம் கேள்விப்படவில்லை. இந்தப் பக்கத்து மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நர்சுகள், பள்ளி ஆசிரியைகள், டைடல் பார்க்கில் முதல் வேலைக்கு வந்த பிள்ளைகள் என இவர்களுக்கு இங்கே 650 சதுர அடி வீடு கிடைப்பதே அரிது. 'டு லெட்' பலகை தொங்கினாலும் என்ன சாப்பிடுவீர்கள், எந்த ஊர் என்ற விசாரணையில் பாதிப் பேர் வடிகட்டப்படுகிறார்கள். வீடு குறைவாக இருக்கும்வரை இந்த வடிகட்டல் நடக்கும், வாடகைக்கு விடுபவர் ராஜாவாக இருப்பார். அமெரிக்க நகரங்களில் இனத்தின் பெயரால் பகுதி பிரிப்பது செல்லாது என்று 1917இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தனிவீட்டுக்கு மட்டுமான மண்டலங்கள் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்தன என்பது நகரமைப்பு வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். நம் மனுவை எழுதியவர்களுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதி ஒருமுறை வந்துவிட்டால், எழுதியவர் எண்ணத்தை அது கேட்பதில்லை.

ஆறு வீட்டால் சென்னையின் வாடகை குறைந்துவிடுமா என்று ஒரு நண்பர் கேட்கக் கூடும். குறையாது. அந்த நான்கு வாடகை வீடுகளும் மலிவாக இருக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். இந்தத் தெருவில் மலிவு என்று எதுவும் இல்லை, நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டு விளிம்பில் உள்ள கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்கள் இங்கே திரும்பி வரப்போவதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தெருவும் ஆறு வீட்டை மறுத்தால் என்ன ஆகும் என்பதை இருபது ஆண்டாகப் பார்க்கிறோம். அனுமதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து, 2016இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் அதிக வீடுகளை அனுமதித்தது. கோபுரங்கள் முளைக்கவில்லை. பழைய தனிவீட்டு மனைகளில் இரண்டு மூன்று மாடி வரிசை வீடுகள்தான் வந்தன. ஐந்தாறு ஆண்டில் கட்டட அனுமதிகள் இருமடங்காயின. நாட்டின் மற்ற இடங்களில் ஏறிய வேகத்தில் அங்கே வாடகை ஏறவில்லை. அந்தக் கணக்கும் ஒவ்வொரு மனையாகச் சேர்ந்ததுதான்.

இரண்டாவது கோரிக்கையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இப்போதுள்ள இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் அறிவிக்கப்பட்டு 2026ஐ இலக்காகக் கொண்டது. அடுத்தது அதன் பிறகு இருபது ஆண்டுக்கு நம்மைக் கட்டுப்படுத்தும். அதில் 'தனிவீடு மட்டும்' என்று ஏறிவிட்டால் மூலை மனைக்காரரோடு நிற்காது. நம்மில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு கிரவுண்டை இரண்டு மூன்று பிள்ளைகள் பங்கு பிரிக்கும் நாள் வரும். ஆளுக்கொரு வீடு கட்டிக்கொள்ளும் வழி அன்று இருக்காது. முழுமனையையும் விற்றுப் பணத்தைப் பிரிப்பதுதான் வழி. அதை வாங்கித் தனிவீடு கட்ட யாரால் முடியும்? பல கோடி கையில் வைத்திருக்கும் ஒருவரால். அக்காவும் தம்பியும் மேலும் கீழுமாக இருந்து வாழ்வதைவிட அதுதான் பகுதியின் தன்மைக்கு நல்லது என்று நினைப்பவர்கள் தாராளமாகக் கையெழுத்திடலாம்.

மனுவுக்குப் பதில் என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. இந்த அளவுள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்கு முடிவுச் சான்றிதழ் வாங்கும் கட்டாயத்தை அரசு 2024இல் தளர்த்திவிட்டது. கட்டி முடித்த பின் டேப் பிடித்து அளக்க அதிகாரி வருவார் என்று இருக்க முடியாது. ஆகவே அஸ்திவாரம் தோண்டும் நாளிலிருந்து பக்க இடைவெளியை நாமே பார்க்க வேண்டும். தோண்டும் முன்பே வடக்கு, மேற்கு வீடுகளின் சுவர்களைப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு படமெடுத்து, விரிசல் இருக்கும் இடங்களில் தேதி எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பின்னால் விரிசல் யாரால் வந்தது என்ற சண்டை பாதி குறையும். மணல் நிலத்தில் சம்ப் தோண்டும்போது சரிவு தடுப்பு வைக்காமல் தோண்டக் கூடாது. எம்-சாண்டும் ஜல்லியும் மனைக்குள்ளேயே கொட்ட வேண்டும். காங்கிரீட் லாரி காலை ஆறு மணிக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பிறகும் வரக் கூடாது. மூலையில் உள்ள வேப்பமரம் மனை எல்லைக்கு வெளியே, மாநகராட்சி இடத்தில் நிற்கிறது. அதை ஸ்டில்ட் வாசலுக்காக வெட்டக் கூடாது, வாசலை நாலடி தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். ஸ்டில்ட் என்று அனுமதி வாங்கிய இடத்தில் பிற்காலத்தில் ஒரு ஷட்டர் ஏறினால், அன்று புகாரில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்மொழியப் போகிறேன். ஆட்சேபணை மனுவைத் திரும்பப் பெறுவது ஒன்று. மேலே சொன்ன நிபந்தனைகளை எழுத்தில் வைத்து, மூலை மனைக்காரரையும் வடக்கு, மேற்கு வீட்டாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மூன்று பேர் குழு அமைப்பது மற்றொன்று. வரைபடத்தின் நகலை உரிமையாளர் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். மாலை ஐந்து முதல் ஏழு வரை யாரும் வந்து பார்க்கலாம். ஏற்கெனவே மனுவில் கையெழுத்திட்டவர்கள் விலக விரும்பினால் செயலாளரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு நம் விதிப்படி ஓட்டு இல்லையென்றாலும் கூட்டத்தில் பேச அனுமதிக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு வீட்டுக்காரர்